எதிர்வாசலில் இரண்டு விரல்

எங்கள் அப்பாவுக்குப் பள்ளிக்கூடங்களின் மேல் கோபம் எதுவும் கிடையாது. சந்தேகம்தான். கோபமாக இருந்திருந்தால் என்றைக்காவது தணிந்திருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் விட்டால் பெண்ணை வேதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்றார். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் விட்டால் பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடமிருந்து சிரங்கு ஒட்டிக்கொள்ளும் என்றார். இரண்டு தெரு தள்ளி ஒரு வாத்தியார் தன் வீட்டுக் கூடத்திலேயே பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மற்றவர்களைவிடச் சம்பளம் குறைவாகத்தான் வாங்குகிறார் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். "கம்மியா வாங்கறார்னா மீதிய வேற எதுலயோ புடிக்கிறார்னு அர்த்தம்" என்று அப்பா அந்த வாத்தியாரையும் முடித்துவிட்டார். இப்படியாக, எட்டு வயது தாண்டியும் நான் வீட்டிலேயே படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் தரம் பார்க்கிறவர். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப் என்றுதான் சொல்வோம். வெளியூரிலிருந்து உப்புப் போட்டு வரும் ஆட்டுத்தோலை ஒவ்வொன்றாகப் பிரித்து, தடவி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று ஒதுக்குவது அவர் வேலை. அதில் நல்ல பெயர் எடுத்தவர். நல்ல பெயர் என்றால், சரக்கு கொண்டுவருகிறவர்கள் அவர் தலையைக் கண்டாலே வாய்க்குள் திட்டுவார்கள் என்று அர்த்தம். எடை ஏறட்டும் என்று உப்போடு மணலையும் சுண்ணாம்பையும் அப்பிக்கொண்டு வருவார்கள். கத்தி பட்டுக் கிழிந்த இடத்தை மடிப்புக்குள் ஒளித்து வைப்பார்கள். அதையெல்லாம் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, யார் எதைக் கொடுத்தாலும் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் போட்ட வாழையிலையைக்கூட ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் தெளிப்பார்.

காலையில் ஷாப்புக்குக் கிளம்புவதற்கு முன்னால் எனக்குப் பாடம். தமிழ் எழுத்தை மணலில் எழுத வைத்தார். இங்கிலீஷ் எழுத்துகளை அவர் லண்டனுக்குப் போகும் தோல் சிப்பங்களின் மேல் மையால் குத்துவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர். ஆகவே சிப்பத்தில் வராத எழுத்துகள் உலகத்தில் உண்டு என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. கணக்குதான் அவருக்குப் பிடித்த பாடம். ஒருவன் மாம்பழம் வாங்கி நான்கு பேருக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்தான், ஆளுக்கு எத்தனை என்று கேட்பார். வகுத்து விடை சொன்னால் போதாது. "இதுல ஏமாத்து எங்க இருக்குது?" என்பது அடுத்த கேள்வி. அந்த ஆள் எதற்காகப் பழத்தைச் சும்மா கொடுத்தான் என்று யோசிக்க வேண்டும். "அழுகியிருக்கும்ப்பா" என்று நான் சொன்னால் அவர் முகம் மலர்ந்துவிடும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் எல்லாவற்றையும் அழுகல் என்று சொல்லப் பழகினேன்.

எனக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. தெருவில் பிள்ளைகள் ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ஒருத்தி எதற்காக ஓடுகிறாள், இன்னொருத்தி எதற்காகத் துரத்துகிறாள், பிடிபட்ட பிறகு இரண்டு பேரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்காது. திருட்டுக் கொடுத்தவளும் திருடியவளும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி இருக்கும். எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டு உள்ளே வந்துவிடுவேன்.

அம்மாவுக்குத்தான் கவலை. அம்மா ஒடுகத்தூர்ப் பக்கம். வேர்க்கடலைக் கொல்லையும் வீடு நிறைய அண்ணன் தங்கைகளுமாக வளர்ந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு பொங்கலுக்கு உறவுக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். போய்ப் பிள்ளைகளோடு விளையாடு என்று அம்மா என்னை முற்றத்துக்கு அனுப்பினாள். நான் எனக்குத் தெரிந்த விளையாட்டை விளையாடினேன். பிள்ளைகளை வரிசையாகத் திரும்பி நிற்கவைத்து, முதுகைத் தடவிப் பார்த்து, தரம் பிரித்தேன். அம்மைத் தழும்பு இருந்ததால் பெரியம்மா மகனைக் கழிவில் தள்ளிவிட்டேன். அவன் ஓவென்று அழுதுகொண்டு உள்ளே ஓடினான். அம்மா வெட்கத்தில் தலை நிமிரவே இல்லை. அப்பா மட்டும் வெளியே வந்து, மற்ற பிள்ளைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "சரியாத்தான் பிரிச்சிருக்குது" என்றார்.

ஜெர்மன் சண்டை முடிந்து தோல் விலை விழ ஆரம்பித்திருந்த சமயம் அது. அம்மா பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னாள். அப்பா சம்மதிக்கவில்லை. அங்கே கிணற்றுக்குச் சுவர் இல்லை, மலையடிவாரத்துக் காய்ச்சல் வரும், போதாததற்கு உறவுக்காரப் பிள்ளைகள் வேறு என்றார். சமையலுக்கு அத்தையை வரவழைப்பதாக ஏற்பாடு. அம்மா அன்றைக்கு விடாப்பிடியாக நின்றாள்.

"எம்பொண்ணுகூடச் சேர்ந்து வெளையாட ஒரு கொழந்தைய ஏற்பாடு பண்ணுங்க. பண்ணினாத்தான் நான் வண்டியில கால வெப்பேன்" என்றாள்.

"வெளையாட்டத்தான் நானே சொல்லித் தர்றேனே" என்றார் அப்பா.

"நீங்க சொல்லித் தர்றது எல்லாம் வெளையாட்டா? கொழந்தைக்குக் கொழந்த வோணும்."

அப்பா ஒப்புக்கொண்டார், ஆனால் சரக்கைத் தானே பார்த்து எடுப்பதாகச் சொன்னார். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒவ்வொருத்தியையும் ஏதோ சாக்கில் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். ஒருத்தி கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. ஒருத்தி கேட்பதற்கு முன்பே பதில் சொன்னாள். கடைசியில் எதிர்வீட்டுக் குப்புவிடம் வந்து நின்றார். குப்புவின் அப்பா மாட்டுவண்டி ஓட்டுகிறவர். தோல் ஊறவைப்பதற்கு வேண்டிய ஆவாரம்பட்டையை மலைப்பக்கத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து ஷாப்புகளில் இறக்குவார். குப்பு ஒல்லியாக, முன்பல் ஒன்று விழுந்து, எப்போதும் முட்டியில் ஒரு சிராய்ப்போடு இருப்பாள்.

"பொய் சொல்லுவியா?" என்று அப்பா அவளைக் கேட்டார்.

"எப்பனாச்சும்" என்றாள் அவள்.

"சொல்லவே மாட்டேன்னு சொன்னவங்கள்லாம் சொல்றவங்கதான். இவ ஒத்துக்கினா" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். குப்பு தேறிவிட்டாள். அம்மா வண்டி ஏறினாள்.

மதியம் அத்தை சாப்பிட்டுப் படுத்ததும் குப்பு வருவாள். முதலில் சில நாள் நான் அவள் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாங்கல் ஆட உட்கார்ந்தால், கல்லை எல்லாம் நான் ஒருமுறை கையில் உருட்டிப் பார்க்காமல் ஆட்டத்தை ஆரம்பிக்க விடமாட்டேன். அவள் ஒவ்வொரு முறையும் தன் உள்ளங்கையை விரித்து, புறங்கையைத் திருப்பி, "பாத்துக்கினியா, போடட்டா?" என்று கேட்டுவிட்டுப் போடுவாள். கோபித்துக்கொள்ளவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. தப்பு செய்யாதவளைச் சோதனை போட்டால் கோபம் வர வேண்டாமா?

ஒருநாள் பாவாடை மடியில் இலந்தைப்பழம் கட்டிக்கொண்டு வந்தாள். நான் ஒவ்வொன்றாக வாங்கி, பிட்டுப் பார்த்து, நல்லது ஒரு பக்கம், சுமாரானது ஒரு பக்கம், புழு வைத்தது ஒரு பக்கம் என்று கூறு கட்டினேன். முடிப்பதற்குள் கழிவுக் கூறு காணாமல் போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் குப்பு மென்றுகொண்டிருந்தாள். "புழு இந்தப் பழத்த மட்டும் கண்டுபுடிச்சித் தின்னுதே, அப்ப எது இனிப்புன்னு அதுக்குத்தான தெரியும்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு முன்னால் நான் அப்படி வாய்விட்டுச் சிரித்ததாக ஞாபகம் இல்லை. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அத்தை இன்னா சத்தம் அது என்று கேட்டாள்.

அதற்கப்புறம் நான் மதியத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். வாசலில் அவள் நிழல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அவ்வளவு பிடித்துவிட்டது அவளை. ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு சரக்கு நமக்கு வேண்டும் என்று முகத்தில் தெரிந்துவிட்டால் விலை ஏறிவிடும் என்பது அப்பா சொல்லித் தந்த பாடங்களில் முக்கியமானது. ஆகவே குப்பு உள்ளே வரும்போதெல்லாம் நான் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பேன். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்க நாக்கு துடித்தாலும் கேட்க மாட்டேன். அவள்தான் பாவம், "நேத்து நீ என்ன தேடினியா?" என்று கேட்பாள். இல்லை என்பேன்.

இப்படி இருக்கையில் ஒருநாள் அவள் வந்து என் மடியில் எதையோ கொட்டினாள். ஐந்து கூழாங்கற்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை, உருட்டித் தேய்த்தது போல் வழவழவென்று இருந்தன. அவள் அப்பாவின் வண்டியில் பாலாற்றுக்குப் போன நாளெல்லாம் மணலைக் கிளறிக் கிளறித் தேடிச் சேர்த்தவை என்றாள். உனக்குத்தான் என்றாள்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"சும்மா."

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்குள் மணி அடித்துவிட்டது. மாம்பழக் கணக்கில் வரும் ஆளும் சும்மாதான் கொடுத்தான். கல்லை வாங்கி வைத்துக்கொண்டேன், நன்றாக இருந்தது. ஆனால் சாயங்காலம் அப்பா வந்ததும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒவ்வொரு கல்லையும் நகத்தால் கீறிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், ஒன்றோடு ஒன்றைத் தட்டிப் பார்த்தார். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவரை ரொம்பவும் உறுத்தியது. குறை தெரிந்தால் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். "இவ்ளோ நல்ல கல்ல யாராச்சும் சும்மா குடுப்பாங்களா? நாளைக்கே திருப்பிக் குடுத்துடு" என்றார்.

மறுநாள் குப்பு வந்ததும் கொடுத்தேன். காரணம் கேட்டாள். சொன்னேன், சொல்லக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. "சும்மா குடுத்தா அதுல எதனா இருக்கும்னு எங்கப்பா சொன்னாரு."

குப்பு கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண் தளும்பியது. பிறகு வலது கையின் சுண்டுவிரலை மட்டும் நீட்டி என் முகத்துக்கு நேராகக் காட்டிவிட்டு ஓடிப்போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்ததை நடந்தபடி அப்பாவிடம் ஒப்பித்தேன். எந்த விரல், எந்தக் கை, எவ்வளவு நேரம் காட்டினாள் என்றெல்லாம் விசாரித்தார். விசாரித்துவிட்டு மெல்லத் தலையாட்டினார். ஷாப்பில் களம் பெரியது. ஒரு மூலையில் தரம் பார்க்கிறவர் இன்னொரு மூலையில் அடுக்குகிறவனிடம் கத்திச் சொல்ல முடியாது. அதனால் விரலைக் காட்டுவார்கள். ஆள்காட்டி விரல் ஒன்றைக் காட்டினால் முதல் தரம். அதோடு நடுவிரலும் சேர்ந்தால் இரண்டாம் தரம். சுண்டுவிரலை மட்டும் காட்டினால் கழிவு, தூக்கி அந்தண்டை போடு என்று அர்த்தம். அப்பாவுக்குத் தெரிந்த விரல் பாஷை அதுதான். வண்டிக்காரர் மகள், ஷாப்பு வாசலிலேயே சுற்றுகிறவள், அவளுக்கும் அது தெரியாமலா இருக்கும்?

"உன்ன ரிஜெட்டுன்னு சொல்லிட்டுப் போறா" என்றார் அப்பா. அவர் குரலில் வருத்தம் இருந்தது. என் மேல் அவருக்கு உயிர். "கல்லு குடுத்ததே உன்ன எடை போட்டுப் பாக்கத்தான். நீ அசையல. அந்த ஆத்திரம். அத்தகிட்ட சொல்லிக்கினு இருக்காத, தெரு பூரா தெரிஞ்சிடும்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. மதியத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கழிவு என்று ஒதுக்கப்பட்டவள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தேன். ஷாப்பில் கழிவுக்குப் போன தோல் திரும்பி வந்ததை நான் கேள்விப்பட்டதே இல்லை.

சில நாள் கழித்துக் குப்பு தன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தெருவைத் தாண்டி வரவில்லை. எங்கள் ஜன்னலைப் பார்த்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினாள். வாயைத் திறக்கவில்லை. நீட்டிய கையோடு நின்றுகொண்டே இருந்தாள்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் சிரிப்போ கோபமோ வந்திருக்கும். என்னைப் போல் வளர்ந்த மீதிப் பேருக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டால் சுண்டுவிரலைக் காட்டிக் காய் விடுவார்கள். அதற்கப்புறம் பேச்சு வார்த்தை கிடையாது. கோபம் தீர்ந்து மறுபடி சேர வேண்டும் என்றால் இரண்டு விரலை நீட்டிப் பழம் விட வேண்டும். எதிரே இருக்கிறவள் தன் இரண்டு விரலால் அதைத் தொட்டுவிட்டால் போதும், சண்டை போன இடம் தெரியாது. தொடுகிறவரை பேசக் கூடாது என்பது சட்டம். பால்குடி மறந்த பிள்ளைக்கெல்லாம் தெரிந்த இந்தச் சங்கதி எங்கள் வீட்டுப் பாடத்தில் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் நான் இதைத் தெரிந்துகொண்டேன்.

அப்போதோ, "ரெண்டு விரல் காட்டறாப்பா" என்று போய்ச் சொன்னேன்.

அப்பா உடனே நம்பவில்லை. முதலாளி முஸ்லிம் என்பதால் வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. அன்று மதியம் ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளியே தெரியாமல், சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்று தானே பார்த்தார். குப்பு வந்தாள், நீட்டினாள். "ரெண்டுதான்" என்று அப்பா திருப்தியோடு சொன்னார். "கழிவுலேர்ந்து ரெண்டாம் தரத்துக்கு ஏத்திட்டா பாரு. நீ அசையாம இருந்ததுக்கு இவ்ளோ மரியாத. இன்னும் கொஞ்சம் இரு, ஒரு விரலுக்கு வந்துடுவா."

அவர் சொன்னதில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. எனக்கு நம்பிக்கையே வந்தது. ஒரு விரலுக்கு வந்தால் நான் கதவைத் திறந்துகொண்டு ஓடலாம் என்று காத்திருந்தேன். குப்பு ஒவ்வொரு நாளும் வருவாள். நான் அவள் விரலை எண்ணுவேன். இரண்டுதான். ஒன்றை மடக்கேன் என்று மனசுக்குள் கெஞ்சுவேன். மடக்க மாட்டாள். அவளுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம், என்னிடம் அப்படி என்ன குறையைக் கண்டாள் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று. ஜன்னலைச் சாத்திவிடுவேன். சாத்திவிட்டு இடுக்கு வழியாகப் பார்ப்பேன். அவள் இன்னும் நின்றுகொண்டிருப்பாள்.

ஷாப்புகளில் வேலை குறைந்துகொண்டே வந்தது. பட்டை வண்டிகளுக்கு நடை இல்லை. குப்புவின் அப்பாவுக்கு வாலாஜாபேட்டையில் ஒரு மண்டியில் வேலை அகப்பட்டது. ஒருநாள் காலை, நான் பாடத்தில் உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டு வாசலில் வண்டி பூட்டியிருந்தது. பானை சட்டியெல்லாம் ஏற்றி, பாயைக் கட்டி, அதன் மேல் குப்புவை உட்காரவைத்திருந்தார்கள். அவள் எங்கள் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"பாக்காத மாதிரி இரு. கெளம்பற நேரத்துலதான் கடேசி வெல சொல்லுவாங்க" என்றார் அவர். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வண்டி நகர்ந்தது. குப்பு கையைத் தூக்கினாள். இரண்டு விரல். மசூதி முனையில் வண்டி திரும்புகிறவரை கையைக் கீழே போடவில்லை. திரும்பும்போது உடம்பை வளைத்து எட்டிக்கூடக் காட்டினாள். ஒரு விரல் வரவே இல்லை.

"மொதல் தரம்னு சொல்லாமயே போய்ட்டாளேப்பா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"போவட்டும்" என்று அப்பா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நம்ம சரக்கு நம்மகிட்டயே பத்திரமா இருக்குது." அவர் வேட்டியில் பட்டை வாசனையும் சுண்ணாம்பு வாசனையும் அடித்தன. நான் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். அவளை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. வாலாஜாபேட்டை ஒன்றும் லண்டன் இல்லை, ஆனாலும் பார்க்கவில்லை.

தம்பிக்கு மூன்று மாதம் ஆனபோது அம்மா திரும்பி வந்தாள். தம்பியைப் பாயில் கிடத்தினதும் நான் அவனைப் புரட்டி முதுகைப் பார்த்தேன். அம்மா பெருமூச்சு விட்டாள். பிறகு எதிர்வாசலைப் பார்த்து, "குப்பு எங்கடி?" என்று கேட்டாள்.

"வாலாஜாபேட்டைக்குப் போய்ட்டாங்க. போனதே நல்லதும்மா. கடேசி வரைக்கும் அவ என்ன ரெண்டாம் தரத்துக்கு மேல ஏத்தவேயில்ல" என்றேன்.

அம்மாவுக்குத் தலையும் வாலும் புரியவில்லை. முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். கூழாங்கல்லில் ஆரம்பித்தேன். சுண்டுவிரலுக்கு அப்பா சொன்ன அர்த்தத்தைக் கேட்டதும் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தம்பி விழித்து அழுதான், அவனை எடுத்து மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே சிரித்தாள்.

"அப்பறம் எத்தினி விரல் காட்டினா?"

"ரெண்டு. தெனம் ரெண்டு."

"நீ இன்னா பண்ண?"

"ஜன்னல சாத்திக்கினேன்."

அம்மா சிரிப்பதை நிறுத்தினாள். தம்பியைத் தட்டுகிற கையும் நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் வரை என்னை அடிக்கடி பிடித்து இழுத்துத் தலையைக் கோதிவிட்டாள். இவளுக்கு என்ன வேண்டும் என்று நான் யோசித்தேன்.

அப்பா வந்து புறக்கடையில் கை கால் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றாள். நானும் பின்னால் போனேன். அம்மா அவ்வளவு கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"பழம் வுட வந்த கொழந்தைய வாசல்லயே நிக்கவெச்சி அனுப்பிச்சிட்டீங்களே, இது அடுக்குமா?"

"எந்தப் பழம்?" என்றார் அப்பா. எனக்கும் இலந்தைப்பழம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"தெரியாத மாதிரி பேசாதீங்க. அவ காய் வுட்டா. அப்பறம் மனசு கேக்காம பழம் வுட வந்தா. இத்தக்கூடவா ஏமாத்துன்னு பாப்பாங்க? சின்ன வயசுல நீங்க யாரோடயும் காய் வுட்டதில்லியா, பழம் வுட்டதில்லியா?"

அப்பா சொம்பைக் கீழே வைத்தார். கிண்டல் செய்கிறாளோ என்று பார்ப்பது போல் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம், நினைவில் எங்கேயோ தேடிப் பார்த்துவிட்டு, "யாரோட?" என்று கேட்டார்.

அப்பா ஆறு வயதில் ஷாப்புக்குப் போனவர். அவருடைய அப்பா செத்துப்போன வாரமே கொண்டுபோய் விட்டார்கள். சுண்ணாம்புத் தொட்டிக்குத் தண்ணீர் சுமக்கும் பெரிய ஆட்களுக்கு நடுவில் அவர் ஒருவர்தான் பிள்ளை. இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அப்பாவின் கெட்டிக்காரத்தனத்துக்கு அத்தாட்சியாக அத்தை அடிக்கடி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அம்மா அவரையே பார்த்தாள். கோபம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. வெற்றி பெறும் நேரத்தில் ஏன் விட்டுக்கொடுக்கிறாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. "திங்கக்கெழம நான் இவள இட்டுக்கினு போய்ப் பள்ளிக்கூடத்துல வுட்டுட்டு வர்றேன்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். எந்தப் பள்ளிக்கூடம் என்றுகூட அப்பா கேட்கவில்லை.

பிறகு அம்மா தம்பியை இடது பக்கம் மாற்றிக்கொண்டு, வலது கையின் இரண்டு விரலைச் சேர்த்து அப்பாவுக்கு முன்னால் நீட்டினாள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "தொடுங்க" என்றாள் அம்மா. அவர் கையை வேட்டியில் துடைத்தார். பட்டைச் சாயம் ஏறிக் கறுத்துப்போன தன் இரண்டு விரலை நீட்டி, அம்மாவின் விரலை மெல்லத் தொட்டார். தொட்ட கையை உடனே எடுக்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. முகம் கழுவிய தண்ணீர் என்று நினைத்தேன்.

நான் புறக்கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு விரலும் இரண்டு விரலும் சேர்ந்துவிட்டன. எதையோ இரண்டாம் தரம் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள், அவ்வளவுதான் எனக்கு விளங்கியது. திங்கட்கிழமை வீட்டை விட்டு அனுப்பப் போவது என்னைத்தானே, அதனால் அது நானாகத்தான் இருக்க வேண்டும்.